கொங்குப் பேச்சில் மரியாதையின் இலக்கணம்

தாராபுரத்தில் ஒருவர் "தம்பி ஊருக்குப் போயிட்டானுங்க" என்று சொல்லும்போது, வாக்கியத்தின் எழுவாயாகிய தம்பி "போயிட்டான்" என்ற ஒருமை வினைமுற்றையே பெறுகிறான். அந்த வினைமுற்றின் கடைசியில் ஒட்டி நிற்கும் "ங்க" என்ற ஈறோ, வாக்கியத்துக்குள் எங்குமே இடம்பெறாத ஒருவருக்கு, அதாவது எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, முழுவதும் உரியதாகிறது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் இவ்வழக்கு உண்டு என்றாலும், அமராவதிக் கரையிலிருந்து நொய்யல் கரை வரை நீளும் கொங்குப் பேச்சில் அது "சரிங்க", "இல்லீங்க", "நாளைக்குங்க", "நானுங்க" என்று வினை, பெயர், காலச்சொல் என எதனோடும் தயக்கமின்றிச் சேர்ந்து, ஏறத்தாழ ஒவ்வொரு மூச்சிலும் வெளிப்படுகிறது. வெளியூர்க்காரர்கள் இதைக் கொங்கு மக்களின் இனிய குணத்துக்கு அடையாளமாகக் கொண்டு அத்துடன் நிறுத்திக்கொள்வது வழக்கம். மொழியியல் இதை மனித உரையாடல் எவ்வாறு இயங்குகிறது என்ற பெரிய கேள்வியின் ஒரு பகுதியாகப் பார்க்கிறது. அக்கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான மிகச் செல்வாக்குள்ள விடைகளுள் ஒன்றுக்குக் கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்று சான்று தந்திருக்கிறது.

எழுவாயோ செயப்படுபொருளோ அல்லாத கேட்பவரை வினைச்சொல்லிலேயே குறிக்கும் இந்தப் பண்பைக் "கேட்போர் இயைபு" என்று தமிழில் அழைக்கலாம். நெப்போலியனின் தம்பி மகனும் பாஸ்க் மொழியில் தோய்ந்த அறிஞருமான லூயி லூசியன் போனபார்ட் 1862ஆம் ஆண்டு இதற்கென ஒரு கலைச்சொல்லை ஆக்கினார். ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையே பேசப்படும் பாஸ்க் மொழியில், பேச்சின் பொருளோடு தொடர்பே இல்லாதபோதும், கேட்பவர் யார் என்பதற்கேற்ப வினைவடிவம் மாறுவதை அவர் கண்டிருந்தார். ஜப்பானியத்திலும் கொரியத்திலும் இதற்கு நெருங்கிய அமைப்புகள் உண்டு. தமிழின் "ங்க" ஈற்றை இந்த வரிசையில் வைத்து மொழியியலாளர் தாமஸ் மெக்ஃபேடன் 2020இல் வெளியான ஆய்வொன்றில் விரிவாக ஆராய்ந்தார். உலக மொழிகளுள் குறைவாகவே காணப்படும் இந்தப் பண்பு இந்தியாவில் மிகத் தெளிவாக வெளிப்படும் வேறு இரண்டு மொழிகள் மகஹியும் மைதிலியும் ஆகும். இரண்டுமே பீகார் மக்களின் தாய்மொழிகள். திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் அதைச் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்கும் வேலை தேடி வருவோரில் பீகார்க்காரர்கள் கணிசமானவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தச் செய்தியின் கனம் விளங்கும்: தையல் எந்திரத்தின் இருபுறமும் நின்று ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாமல் திகைக்கும் இருவர், கேட்பவருக்கான மரியாதையை வினையின் முடிவிலேயே வைத்துப் பேசும் அரிய பழக்கத்தைத் தத்தம் தாய்மொழியிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள்.

கொங்குச் சமூகம் உலக ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தது 1960களில் ஆகும். கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்து, 1972ஆம் ஆண்டு கொங்கு வேளாண் சமூகத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார்; அண்ணன்மார் கதையைப் பாடகர்களின் வாயிலாகப் பதிவு செய்தவரும் அவரே. அவரை அடுத்து, அமெரிக்காவின் பெர்க்லியில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஸ்டீபன் லெவின்சன், அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மக்கள் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள், எப்படி உதவி கேட்கிறார்கள், எப்படி மறுக்கிறார்கள் என்பதைப் பதிவு செய்து, 1977இல் தம் ஆய்வேட்டை முடித்தார். தாராபுரம் வட்டமும் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. 1979இல் பெரியார் மாவட்டத்துக்கும் 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்கும் அது மாறியது. மெக்சிகோவின் மாயா இனத்தவர் பேசும் செல்தால் மொழியை ஆராய்ந்துவந்த பெனலோப்பி பிரவுனும் லெவின்சனும் சேர்ந்து, தமிழ், செல்தால், ஆங்கிலம் ஆகிய மூன்றிலிருந்தும் திரட்டிய பேச்சுகளை அருகருகே வைத்து, பண்பாட்டுத் தொடர்பே இல்லாத இம்மூன்று சமூகங்களிலும் மனிதர்கள் ஒரே வகையான நுணுக்கங்களைக் கையாளுவதைக் கண்டார்கள். 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் தனி நூலாகவும் வெளிவந்த அந்த ஆய்வுதான், இன்றும் உலகெங்கும் மொழியியல் மாணவர்கள் பயிலும் பணிவுக் கோட்பாடு. அதன் முப்பெரும் சான்றுகளுள் ஒன்று கொங்குத் தமிழ் என்பது தமிழ்நாட்டில் பரவலாக அறியப்படாதது வருத்தத்துக்குரியது.

கோட்பாட்டின் அடித்தளம், சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955இல் விளக்கிய "முகம்" என்ற கருத்தாகும். ஒவ்வொரு மனிதருக்கும் பிறர் முன்னிலையில் காக்க விரும்பும் ஒரு மதிப்பு உண்டு. பிரவுனும் லெவின்சனும் அதை இரண்டாகப் பிரித்து, பிறர் தம்மை விரும்ப வேண்டும், தம்மோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற வேட்கையை ஒன்றாகவும், தம் நேரத்திலும் பொருளிலும் முடிவுகளிலும் பிறர் தலையிடக் கூடாது என்ற வேட்கையை மற்றொன்றாகவும் கொண்டார்கள். அன்றாட வாழ்வில் கடன் கேட்பது, வேலை ஏவுவது, குறை சொல்வது, அழைப்பை மறுப்பது என்று எதைச் செய்தாலும் இவ்விரு வேட்கைகளுள் ஒன்றேனும் சிராய்க்கப்படுகிறது. அந்தச் சிராய்ப்பைக் குறைக்கும் வேலையே பணிவு. உறவுமுறை சொல்லி அழைப்பது முதல் வேட்கையைத் தணிக்கிறது: "அண்ணா", "அக்கா", "கண்ணு", "அம்மிணி", "மாப்ளே" என்று தொடங்கும் பேச்சு கேட்பவரைத் தன் வட்டத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. "கொஞ்சம்", "முடிஞ்சா", "தப்பா நெனைக்காதீங்க" போன்றவை இரண்டாவதைத் தணிக்கின்றன. இவை போதாதபோது பேசுபவர் கேட்க வந்ததை வாய்விட்டுக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார். காண்ட்ராக்டரிடம் முன்பணம் கேட்க வந்த தையல்காரர், "பையனுக்குப் பள்ளிக்கூடத்துல பீஸ் கட்டோணுங்கண்ணா, இந்த வாரம் கொஞ்சம் சிரமமுங்க" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், பணம் என்ற சொல்கூட எழாத நிலையிலும் கோரிக்கை முழுமையாக முன்வைக்கப்பட்டுவிடுகிறது. காண்ட்ராக்டர் தர மறுத்தாலும், கேட்கப்படாத ஒன்றை மறுத்ததாகாது என்பதால் இருவர் முகமும் காப்பாற்றப்படுகிறது.

எந்த அளவு சுற்றி வளைக்க வேண்டும் என்பதை மூன்று அளவுகளின் கூட்டுத்தொகை முடிவு செய்வதாக இருவரும் முன்மொழிந்தார்கள்: பேசும் இருவருக்கிடையே உள்ள பழக்கத்தின் தொலைவு, கேட்பவருக்குப் பேசுபவர்மீது உள்ள அதிகாரம், கேட்கப்படும் காரியத்தின் சுமை. ஒரே தையல்காரர் பக்கத்து எந்திரத்துத் தோழியிடம் கத்தரிக்கோலை "அதக் குடு புள்ள" என்று கேட்பதும், மேற்பார்வையாளரிடம் அரைநாள் விடுப்பை நான்கு வாக்கியங்களில் கேட்பதும் இந்தக் கூட்டல் கணக்கின் விளைவுகளே. அவசரம் இந்தக் கணக்கை முற்றாக ரத்து செய்கிறது. துணி வெட்டும் எந்திரத்தின் அருகே ஒருவர் விரல் போனால், யாரும் எவரிடமும் "கைய எடு" என்றே கத்துவார்கள். அதை எவரும் மரியாதைக் குறைவாகக் கொள்வதில்லை.

இந்தக் கோட்பாட்டை ஜப்பானிய மொழியியலாளர் சச்சிகோ இதே 1989இல் கடுமையாக மறுத்தார். பணிவு என்பது ஒவ்வொரு முறையும் இழப்பையும் ஆதாயத்தையும் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் உத்தி என்ற கருத்து தனிமனித மேற்கத்தியச் சமூகத்துக்கே பொருந்தும் என்றும், ஜப்பானியத்தில் இடமும் ஆளும் அறிந்து, சமூகம் வகுத்த வடிவத்தைக் கைக்கொள்வதே பணிவு என்றும் அவர் வாதிட்டார். கொங்குப் பேச்சை எண்ணிப் பார்த்தால் அவர் கூற்றில் பாதிக்கும் மேல் உண்மை இருப்பது புலப்படும். தாராபுரத்துப் பேருந்து நிலையத்தில் "மணி எட்டுங்க" என்று விடை சொல்பவர் எவருடைய முகத்தையும் காக்க வேண்டிய நெருக்கடியில் இல்லை. மணியைச் சொல்வதால் எவருக்கும் சிராய்ப்பும் நேர்வதில்லை. அந்த "ங்க" கணக்கிட்டு வந்ததன்று, வளர்ப்பிலிருந்து வந்தது. ஆனால் வளர்ப்பிலிருந்து வருவது என்பதே அடுத்த கேள்வியை எழுப்புகிறது: யாருக்கு அதைச் சொல்ல வளர்க்கப்பட்டார்கள், யாருக்குச் சொல்லாமல் இருக்க வளர்க்கப்பட்டார்கள்?

ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, ஐரோப்பிய மொழிகளில் நீ, நீங்கள் என்பவற்றுக்கு இணையான பதிலிகள் எவ்வாறு வழங்கின என்பதைக் காட்டியது. மேலிருப்பவர் கீழிருப்பவரை ஒருமையில் அழைக்க, கீழிருப்பவர் பன்மையில் விடை சொல்லும் சமமற்ற வழக்கு அதிகாரத்தின் அடையாளம். இருவரும் ஒரே வடிவத்தைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கு ஒருமைப்பாட்டின் அடையாளம். ஐரோப்பாவில் முதலாவது தேய்ந்து இரண்டாவது வளர்ந்தது என்பது அவர்கள் முடிவு. மேற்குத் தமிழ்நாட்டில் சாதித் தரமும் பேச்சுப் பரிமாற்றமும் எப்படிப் பிணைந்துள்ளன என்று 1982இல் லெவின்சன் எழுதிய கட்டுரை இதே கண்ணாடி வழியே கொங்குச் சிற்றூரைப் பார்த்தது. யார் யாருக்கு "நீ" தருகிறார், யாரிடமிருந்து "நீங்க" பெறுகிறார் என்று குறித்துக்கொண்டே போனால், ஊரின் சாதி அடுக்கு வரைபடமாக எழுந்துவிடுகிறது. நிலவுடைமைச் சாதியின் சிறுவன் தலித் முதியவரைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைக்க, அம்முதியவர் அச்சிறுவனுக்குப் பன்மை தந்து விடை சொன்ன வழக்கம் கொங்கு நாட்டில் நெடுங்காலம் நிலவியது. எங்கும் அது முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்ல இயலாது. கொங்குத் தமிழின் இனிமையைக் கொண்டாடும் எழுத்துகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலேயே மூடிவிடுகின்றன. மரியாதை இலக்கணத்தில் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும் ஒரு மொழியில், அதை ஒருவருக்கு மறுப்பதும் அதே ஆழத்தில் பதிகிறது. "ங்க" இல்லாத வாக்கியம் வெறும் செய்தியாக நிற்பதில்லை, கேட்பவர் யார் என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

பனியன் தொழில் இந்த அடுக்கை ஓரளவு கலைத்து, ஓரளவு புதிதாகக் கட்டியது. ஷரத் சாரி 2004ஆம் ஆண்டு வெளியிட்ட திருப்பூர் பற்றிய நூலில், உழவுக் குடும்பங்களிலிருந்து தொழிலாளராக நுழைந்தவர்கள் பின்னாளில் முதலாளிகளாக மாறிய வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊர்ப் பேச்சைப் பேசி, "அண்ணா", "தம்பி" என்று அழைத்துக்கொண்ட கம்பெனிகளில், ஏவல் உறவு குடும்ப உறவின் சாயலைப் பெற்றது. கடந்த இருபது ஆண்டுகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பெருகியபோது, அந்த உறவுச்சொற்கள் எட்டாத ஒரு பெருங்கூட்டம் கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எல்லாப் பிரிவுகளிலும் வந்து சேர்ந்தது.

இங்கே மொழி கற்றலின் எளிய விதி ஒன்று விபரீதமாக வேலை செய்கிறது. பள்ளியில்லாமல், பணியிடத்தில் காதால் மட்டும் ஒரு மொழியைக் கற்பவர், தம்மிடம் எந்த வடிவத்தில் பேசப்படுகிறதோ அதையே முதலில் பற்றிக்கொள்கிறார். "வா", "போ", "எடு", "சீக்கிரம் முடி" என்று ஏவல் ஒருமையிலேயே நாள் முழுவதும் கேட்கும் ஒடிசா இளைஞர், தாம் கற்ற அதே தமிழில் மளிகைக் கடை முதியவரிடம் "அரிசி குடு" என்று கேட்கும்போது, திமிர் பிடித்தவர் என்ற பெயரைச் சம்பாதிக்கிறார்; அவர் வாயிலிருந்து வந்தது மேற்பார்வையாளரின் தமிழ் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மறுபுறம், மேற்பார்வையாளர் பட்டறையில் பொறுக்கிக்கொண்ட இந்தியும் இதே குறையோடுதான் அமைகிறது. இந்தியில் தூ, தும், ஆப் என்றும், வங்க மொழியில் துயி, துமி, ஆப்னி என்றும், ஒடியாவில் தூ, துமே, ஆபண என்றும் முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு. கடைப்படியை மட்டும் கற்றுக்கொண்டு அதையே வயது வேறுபாடின்றி எல்லோரிடமும் வழங்குபவர், தாம் ஏதோ ஒரு அயல்மொழியைச் சமாளிப்பதாக எண்ணுகிறார்; கேட்பவருக்கோ அது தினமும் விழும் அடி.

பேச்சின் நேரக் கணக்கும் இதில் சேர்ந்துகொள்கிறது. பின்னாளில் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவரான அதே லெவின்சன், தான்யா ஸ்டைவர்ஸ் முதலியோருடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, பத்து மொழிகளில் கேள்விக்கும் விடைக்கும் இடையே விழும் இடைவெளியை அளந்தது. ஜப்பானியத்தில் சராசரி 7 மில்லி நொடி, டேனிஷில் 469 மில்லி நொடி. பத்தின் சராசரி 200 மில்லி நொடியை ஒட்டி, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காக, அமைந்தது. ஒரு பொருளின் படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு 600 மில்லி நொடி அளவு தேவைப்படுகிறது என்பதால், மனிதர்கள் எதிராளி பேசி முடிக்கும் முன்பே தம் விடையைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்பது உறுதியாகிறது. மேலும், ஆம் என்னும் விடை விரைந்து வருகிறது. இல்லை என்பதும் தெரியாது என்பதும் தாமதமாக வருகின்றன. ஆகவே சிறு தாமதமும் மறுப்பின் அறிகுறியாகவே காதில் விழுகிறது. கேட்ட தமிழைத் தம் மொழியில் மாற்றிப் புரிந்துகொள்ள அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொள்ளும் தொழிலாளி, தயங்குபவராகவோ மனமில்லாதவராகவோ தோன்றுவது இதனால்தான். அந்தத் தோற்றத்தைத் தவிர்க்க அவர் கண்டுகொள்ளும் வழி, புரிந்தாலும் புரியாவிட்டாலும் உடனே தலையாட்டி "சரிங்க" என்று சொல்லிவிடுவது.

அந்தத் தலையாட்டலில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. பன்னிரண்டு மொழிகளின் இயல்பான உரையாடல்களை மார்க் டிங்கமான்ஸ் குழுவினர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவின்படி, சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் பேச்சை நிறுத்தி, புரியாததைச் சரிசெய்துகொள்கிறார். தாய்மொழியில், பழகியவர்களோடு பேசும்போதே இந்த நிலை. இந்தச் சரிசெய்தல் மூன்று விதமாக நடக்கிறது: முழுவதையும் திரும்பக் கேட்கும் "ஆ?", ஒரு பகுதியை மட்டும் கேட்கும் "எத்தனை?", கேட்டதைத் தாமே சொல்லி உறுதி கேட்கும் "முப்பது பண்டிலுங்களா?". மூன்றாவது வகையே எதிராளிக்கு மிகக் குறைந்த உழைப்பைத் தருவதால், இயலும்போதெல்லாம் மனிதர்கள் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும் ஆய்வு காட்டியது. ஓவர்லாக் எந்திரங்கள் வரிசையாக ஓடும் கூடத்தில், இரு மொழிகளுக்கு நடுவே, அளவும் எண்ணிக்கையும் நிறமும் சொல்லப்படும் இடத்தில், இந்தக் கேள்விகள் இன்னும் அடிக்கடி எழ வேண்டும். அதிகாரத் தொலைவு பெரிதாக இருக்கும் இடத்தில் அவை எழுவதே இல்லை. விமான விபத்துகளுக்கு முந்தைய உரையாடல்களை ஷார்லட் லிண்டி 1988இல் ஆராய்ந்தபோது, கீழ்நிலை விமானிகள் மேலவரிடம் தம் கருத்தைத் தணித்துத் தணித்தே சொன்னார்கள் என்பதும், தணித்துச் சொல்லப்பட்ட ஆலோசனைகள் எடுபடாமல் போகும் வாய்ப்பு மிகுதி என்பதும் தெரியவந்தன. பணிவு எங்கே உயிர் காக்கிறது, எங்கே உயிரைப் பறிக்கிறது என்ற கேள்வி கல்வியாளர்களுக்கு மட்டும் உரியதன்று.

இரு மொழிக் கூட்டங்களுக்கிடையே பேச்சு நின்றுபோனால் என்ன நேரும் என்பதைத் திருப்பூர் 2023 மார்ச்சில் கண்டது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் கைப்பேசிகளில் பரவ, தொழிலாளர்களிடையே அச்சம் மூண்டது. காவல்துறை மறுப்பு வெளியிட்டு, உதவி எண்களை அறிவித்து, வதந்தி பரப்பியோர்மீது வழக்குப் பதிந்தது. பீகார் அரசின் குழு நேரில் வந்து நிலைமையை விசாரித்துச் சென்றது. ஹோலிப் பண்டிகைக்காக வழக்கம்போல் ஊருக்குப் புறப்பட்டவர்களின் கூட்டம்கூட அச்சத்தால் ஓடும் கூட்டமாகச் சித்திரிக்கப்பட்டது. பக்கத்து எந்திரத்தில் இருப்பவரிடம் "இது உண்மையா?" என்று கேட்டுத் தெளிவதற்குரிய மொழி இருந்த இடங்களில் வதந்தி இவ்வளவு எளிதில் வேர்விட்டிருக்காது.

இந்த மொழி இடைவெளியை நிரப்புவதில் சட்டம் ஓரளவே துணை செய்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர்க்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று விதித்தது. பெரும்பான்மை தமிழராக இருக்கும் கூடத்தில், எஞ்சியிருக்கும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் தமக்குத் தெரியாத இரு மொழிகளில் எழுதப்பட்ட எச்சரிக்கையின் கீழ் நின்று வேலை செய்வது அந்த விதிக்கு முரணாகவில்லை.

திருப்பூரிலும் தாராபுரம், காங்கேயம், பல்லடம் பகுதிகளிலும் கம்பெனி நடத்துவோர் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிக்காதவை. புதிதாகச் சேரும் தொழிலாளிக்குக் கற்பிக்கும் முதல் தமிழ்ச் சொற்கள் "எடு", "போ" என்றில்லாமல் "எடுங்க", "போங்க" என்று இருக்கட்டும். மேற்பார்வையாளர்கள் கற்கும் இந்தியில் "ஆப்" முதலில் வரட்டும். ஆபத்துக் காலத்தில் கத்த வேண்டிய நான்கைந்து சொற்களைக் கூடத்தில் உள்ள அனைவரும், எந்த மொழியினராயினும், ஒரே வடிவத்தில் மனப்பாடம் செய்திருக்கட்டும். ஒவ்வொரு முக்கிய உத்தரவையும் கேட்டவர் தம் வாயால் திரும்பச் சொல்லிக்காட்டும் வழக்கத்தை, மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் கையாளப்படுவது போலவே, தையல் கூடங்களிலும் கொண்டுவரட்டும். புரியவில்லை என்று கேட்பவரைக் கடிந்துகொள்ளாத மேற்பார்வையாளரைப் பாராட்டட்டும். இவை அனைத்துக்கும் முன்னதாக, பல தலைமுறைகளாக "ங்க" மறுக்கப்பட்டுவந்த உள்ளூர்க்காரர்களுக்கும், நேற்று ரயிலில் வந்து இறங்கியவர்களுக்கும் அந்த ஈற்றை ஒரே சீராக வழங்கும்படி கொங்குத் தமிழ் பேசும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.